தீம் பார்க் என்றால் டிஸ்னிதானா?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, மே மாத லீவில் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் இரண்டு ஊர்களுக்கும் குடும்பத்தோடு கிளம்புகிறோம். டூர் கம்பெனி இல்லை, எல்லாம் நாங்களே ஏற்பாடு செய்கிறோம். ஒரு முழு நாள் தீம் பார்க்குக்கு. அதில்தான் வீட்டில் சண்டை. ஆறு வயது மகளுக்கு டிஸ்னி கோட்டை வேண்டும். ஒன்பதாவது படிக்கும் மகன் ஜெர்மனியின் யூரோப்பா பார்க்தான் பெரியது என்கிறான். கூட வரும் மாமியாருக்கு முழங்கால் வலி. சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். "நான் ரூமிலேயே இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க" என்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில், மாமியாரை ரூமில் விட்டுவிட்டுப் போகும் யோசனையைக் கைவிடுங்கள். அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போய் ஹோட்டல் ஜன்னலோரம் உட்கார வைப்பதா? பாட்டியும் பேத்தியும் சேர்ந்து சுற்ற முடிகிற இடமா என்று பார்த்துத்தான் பார்க்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பையனைப் பற்றிக் கவலை வேண்டாம். எங்கே போனாலும் அவனுக்கு ஒரு ரோலர் கோஸ்டர் கிடைத்துவிடும்.

யூரோப்பா பார்க் பற்றி உங்கள் மகன் சொல்வது தப்பில்லை. 1975-இல் அதை ஆரம்பித்த மாக் குடும்பம் ரைடுகள் தயாரிப்பதையே தொழிலாகக் கொண்டது. அங்குள்ள சில்வர் ஸ்டார் என்ற ரோலர் கோஸ்டர் 73 மீட்டர் உயரம். ஆனால் பார்க் இருக்கும் ரூஸ்ட் என்ற ஊர் ஜெர்மனியின் தென்மேற்கு ஓரத்தில், சுவிட்சர்லாந்துக்குப் போகிற பாதையில் இருக்கிறது. பாரிஸிலிருந்து ஆம்ஸ்டர்டாம் போகிறவர்களுக்கு அது பெரிய சுற்று. அடுத்த முறை சுவிஸ் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அவனிடம் சொல்லுங்கள்.

டிஸ்னிலேண்ட் போவது சுலபம். பாரிஸ் நடுவிலிருந்து ஆர்.இ.ஆர். ஏ என்ற ரயில் லைனில் ஏறி, கடைசி ஸ்டேஷனான மார்ன்-லா-வாலே ஷெஸியில் இறங்கினால் வாசலுக்கே வந்துவிடுவீர்கள். மகள் வேறு எதுவும் வேண்டாம், கோட்டைதான் வேண்டும் என்று அழுதால் அங்கேயே போங்கள், காலையிலிருந்து ராத்திரி வரை இருங்கள். காலையில் ஐஃபில் டவர், மத்தியானம் டிஸ்னி என்று மட்டும் பிளான் போடாதீர்கள். காசு அவ்வளவும் வரிசையில் நிற்கவே சரியாகிவிடும்.

என்னைக் கேட்டால் நான் கைகாட்டுவது எஃப்டெலிங் என்ற தீம் பார்க்கைத்தான். நெதர்லாந்தின் தெற்கே காட்ஸ்ஹூவல் என்ற சின்ன ஊரில் இருக்கிறது. நாங்கள் ஐந்தோவனில் குடியிருப்பதால், ஊரிலிருந்து அம்மா வந்தாலும் சரி, நாத்தனார் குடும்பம் வந்தாலும் சரி, அங்கேதான் அழைத்துப்போவோம். ஆம்ஸ்டர்டாமிலிருந்து டென் பாஸ் வரை ரயிலில் ஒரு மணி நேரம், அப்புறம் பஸ்.

1952-இல் அங்கே ஒரு தேவதைக்கதைக் காட்டைத் திறந்தார்கள். பொம்மைகளையும் வீடுகளையும் வரைந்து கொடுத்தவர் ஆன்டன் பீக் என்ற ஓவியர். நிஜமான மரங்களுக்கு நடுவே சமதளமான பாதை. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கதை. நீண்ட கழுத்துக்காரன் ஒருவன் தரையில் உட்கார்ந்திருப்பான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் கழுத்து மெல்ல மெல்ல மரக்கிளை உயரத்துக்கு எழும்பி, தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பும். பார்க் முழுக்க வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் குண்டு மனிதர்கள் உண்டு. அவர்கள்தான் குப்பைத்தொட்டி! "பேப்பர் இங்கே" என்று டச்சில் கத்துவார்கள். வாயருகே காகிதத்தைக் கொண்டுபோனால் சர்ரென்று காற்று இழுத்துக்கொள்ளும், உடனே நன்றியும் சொல்வார்கள். என் மகள் சின்ன வயதில், கையில் பேப்பர் தீர்ந்துபோனதும் பக்கத்து பெஞ்சுக்காரர்களிடம் போய் சாக்லேட் உறை கேட்டு வாங்கி வந்து போட்டாள். அந்தக் காட்டில் ஒரு குழந்தைக்கு அரை நாள் போவதே தெரியாது.

பாட்டிக்குக் கால் வலித்தால் பார்க்குக்குள்ளேயே நீராவி ரயில் ஓடுகிறது. ஒரு கோடியில் ஏறி மறு கோடியில் இறங்கலாம். சக்கர நாற்காலியும் வாடகைக்குக் கிடைக்கும், கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள். பையனுக்கு பாரன் 1898 என்ற ரோலர் கோஸ்டர். சுரங்கம் போல அமைத்த பள்ளத்துக்குள் 37.5 மீட்டர் கிட்டத்தட்ட செங்குத்தாக விழும். வாயில் திறந்ததும் அவனும் அப்பாவும் நேராக அங்கே போய்விடட்டும், நேரமானால் வரிசை நீளும்.

கிளம்பும் முன் மகளைச் சுவரோரம் நிற்கவைத்து உயரத்தை அளந்து வையுங்கள். ஐரோப்பாவில் ரைடுக்கு வயது மட்டும் போதாது, உயரக் கோலில் நிறுத்திப் பார்ப்பார்கள். ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலும் விடமாட்டார்கள். எஃப்டெலிங்கில் யோரிஸ் என்ற மரக் கோஸ்டருக்கு 110 சென்டிமீட்டர், பாரனுக்கு 132. பாரிஸ் டிஸ்னியில் பிக் தண்டர் மவுண்டனுக்கு 102. வாசலில் போய் அழுவதைவிட வீட்டிலேயே சொல்லிவிடுவது நல்லது. குழந்தை ஏற முடியாத ரைடுகளில் அம்மா ஒரு முறை, அப்பா ஒரு முறை என்று மாறி மாறி ஏறலாம். இரண்டாவது ஆள் மறுபடி வரிசையில் நிற்க வேண்டாம். ஊழியரிடம் கேளுங்கள்.

சாப்பாடு விஷயம். எஃப்டெலிங்கில் சொந்தச் சாப்பாடு கொண்டுபோகத் தடையில்லை. புளியோதரை, எலுமிச்சை சாதம், சப்பாத்தி ரோல் எதுவானாலும் புல்தரையில் உட்கார்ந்து சாப்பிடலாம். உள்ளே விற்கும் பான்கேக்கில் முட்டை உண்டு, மாமியாருக்கு ஆகாது. உருளைக்கிழங்கு வறுவல் வாங்கும் முன் என்ன எண்ணெய் என்று கேட்டுவிடுங்கள். பக்கத்து பெல்ஜியத்தில் மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் வழக்கம் உண்டு, அந்தப் பக்கம் போனால் கட்டாயம் கேளுங்கள்.

தேதிதான் முக்கியம். மே முதல் வாரத்தில் டச்சுப் பள்ளிகளுக்கு லீவு, கூட்டம் நெரியும். அதைத் தாண்டி ஒரு செவ்வாய் அல்லது வியாழன் பார்த்து, டிக்கெட்டை ஆன்லைனில் முன்கூட்டியே எடுங்கள். பாட்டிக்கு ஸ்வெட்டர், எல்லாருக்கும் மழைக்கோட்டு. மே என்றாலும் அது நம் ஊர் மே இல்லை.

கேள்வி: கோபன்ஹேகனில் எங்களுக்கு ஒரே ஒரு சாயங்காலம்தான் இருக்கிறது. டிவோலிக்குப் போகலாமா, காசு வீணா?
– வாசகர், கோவை

பதில்: தாராளமாகப் போங்கள். ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. 1843-இல் திறந்த பூங்கா. நுழைவுச் சீட்டு தனி, ரைடு டிக்கெட் தனி. அதனால் ஏறாதவர்கள் உள்ளே போக மட்டும் கொடுத்தால் போதும். விளக்கு போடும் நேரத்துக்கு உள்ளே இருங்கள். 1914-இல் கட்டிய மரக் கோஸ்டரில் ஒரு முறையாவது ஏறுங்கள். பிரேக் போடும் ஆள் நம்மோடு வண்டியிலேயே உட்கார்ந்து வருவார். செலவு கையைக் கடித்தால் லோக்கல் ரயிலில் கிளாம்பென்போர்க் போய் இறங்கி, மான்கள் மேயும் காட்டு வழியே நடந்தால் பாக்கன் என்ற இன்னொரு பொழுதுபோக்குப் பூங்கா வரும். 1583-இலிருந்து இருக்கிற இடம், உள்ளே போகக் கட்டணமே கிடையாது.