ஹனிசக்கிள் கொடிக்கு எந்த மண்?

கேள்வி: லண்டன் பக்கம் ஹாரோவில் புது வீட்டுக்கு வந்திருக்கிறோம். பின்பக்க மரவேலியில் ஹனிசக்கிள் ஏற்ற வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. ஆனால் மண்வெட்டியை இறக்கினால் ஒரே களி. மழைக்குச் செருப்பைப் பிடித்து இழுக்கிறது, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கிறது. குழி வெட்டி இந்த மண்ணை வாரிக் கொட்டிவிட்டு, கடையில் விற்கிற கம்போஸ்ட்டைப் போட்டு நிரப்பிவிடலாமா? எத்தனை மூட்டை வாங்கட்டும்?
- வாசகி, ஹாரோ

பதில்: அவசரப்பட்டு மூட்டை வாங்காதீர்கள். அந்தக் களியிலேயே ஹனிசக்கிள் நன்றாக வரும், நாம் கொஞ்சம் உதவி செய்தால் போதும். லண்டன் களிமண் என்று புவியியல்காரர்கள் பெயரே வைத்திருக்கும் மண் அது. சத்தும் ஈரமும் பிடித்து வைப்பதில் அதை மிஞ்ச முடியாது. கோளாறு ஒன்றுதான், காற்றும் நீரும் உள்ளே போக வழி இல்லை.

நீங்கள் சொல்கிற குழி வைத்தியம்தான் ஆபத்து. களிமண்ணில் ஒரு குழி வெட்டி அதற்குள் மட்டும் பொலபொலவென்று கம்போஸ்ட்டை நிரப்பினால், ஓட்டை இல்லாத தொட்டியைத் தரைக்குள் புதைத்த மாதிரி ஆகிவிடும். சுற்றிலும் இருக்கிற மழைநீர் எல்லாம் அதில் வந்து தேங்கும், குளிர்காலம் முழுக்க வேர் ஊறிக் கிடக்கும், வசந்தத்தில் பார்த்தால் கொடி கறுத்துப்போயிருக்கும். அப்புறம் நாற்றுப் பண்ணைக்காரரைத் திட்டுவோம்.

அந்த ஊர்க் காட்டோரங்களிலும் புதர்வேலிகளிலும் இந்தக் கொடி தானாக வளர்வதை நீங்களே பார்த்திருப்பீர்கள். தலை வெயிலில் இருக்கும், கால் நிழலில் இருக்கும். காலடியில் வருஷக்கணக்காக விழுந்து மக்கிய இலை மெத்தை. ஈரம் இருக்கும், ஆனால் தண்ணீர் நிற்காது. அதைத்தான் உங்கள் வேலியோரத்தில் கொண்டுவர வேண்டும்.

முதலில் களி எவ்வளவு கனமானது என்று கையாலேயே பார்த்துவிடலாம். ஒரு எலுமிச்சை அளவு மண்ணைச் சற்றே நனைத்துப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்தி நாடா மாதிரி தள்ளுங்கள். 5 செ.மீ.க்கு மேல் அறாமல் நீண்டால் சுத்தக் களி. 2 செ.மீ.யிலேயே அறுந்தால் கவலையை விடுங்கள், அது நல்ல மண். அடுத்து ஓர் அடி ஆழத்துக்கு ஒரு சின்னக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி, அது வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் குழியில் நடுகிற எண்ணத்தையே விட்டுவிட்டு, தரைக்கு மேலே ஓர் அடி உயரத்துக்கு மேட்டுப் பாத்தி போட்டு நடுங்கள். வடிந்திருந்தால் சரி, தோண்டலாம்.

ஆழமாக அல்ல, அகலமாகத் தோண்டுங்கள், இரண்டு மூன்று அடி அகலம். அக்டோபர் நல்ல சமயம், மண்ணில் இன்னும் சூடு இருக்கும். ஆனால் மண் கையில் அப்பும் ஈரத்தில் இருந்தால் அன்றைக்கு வேலை வேண்டாம், மிதித்தே அதைக் கல்லாக்கிவிடுவோம். மண்வெட்டி பட்டுக் குழியின் பக்கச் சுவர் பானை மாதிரி வழவழவென்று ஆகியிருக்கும், அதைத் தோட்டத்து முள் கரண்டியால் குத்திக் கீறிவிடுங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பிறகு தோண்டிய அதே மண்ணை உடைத்து, அதில் கால் பங்கு இலைமக்கோ மக்கிய எருவோ கலந்து திரும்பப் போடுங்கள். வாங்குவதாக இருந்தால் அதற்கான ஓரிரு மூட்டை போதும். களி இளகட்டும் என்று மணல் கலக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். பாதிக்குப் பாதி கொட்டினால்தான் மணல் வேலை செய்யும், இரண்டு வாளி போட்டால் செங்கல்தான் மிச்சம்.

இன்னொன்று, வேலியை ஒட்டி நடாதீர்கள். வேலியடியில் மழை விழாது, மண் எப்போதும் வறண்டே கிடக்கும். 30 முதல் 45 செ.மீ. தள்ளி நட்டு, ஒரு மூங்கில் குச்சியில் சாய்த்து வேலிக்கு ஏற்றிவிடுங்கள். வேர் வறண்டால்தான் ஹனிசக்கிள் இலையில் சாம்பல் நோய் வெள்ளையாகப் பூக்கும். மருந்து தேடி அலைவதைவிடக் காலடியில் மூன்று விரல் கனத்துக்கு மூடாக்குப் போடுவது மேல், தண்டை மட்டும் ஒட்டாமல். இலையுதிர் காலத்தில் கூட்டுகிற இலைகளைக் கறுப்புப் பையில் அள்ளி, நனைத்து, நாலு ஓட்டை போட்டு மூலையில் வைத்தால் ஒன்றிரண்டு வருஷத்தில் அருமையான இலைமக்கு. காசும் கிடையாது. தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட வேண்டாம். இலையாகக் கொழித்துக்கொண்டே போகும், பூ வராது.

கேள்வி: நர்சரியில் ஹனிசக்கிள் என்றுதான் தந்தார்கள். மொட்டை மாடியில் கரிசல் மண்ணும் சாணமும் கலந்து வைத்தேன். பூ சாயங்காலம் வெள்ளையாக விரிகிறது, மறுநாள் ரோஸ், அப்புறம் சிவப்பு. இப்போது நுனி இலைகள் மஞ்சளாகின்றன, நரம்பு மட்டும் பச்சை. மண் சரியில்லையா?
- வாசகர், தாம்பரம்

பதில்: உங்களிடம் இருப்பது ரங்கூன் மல்லி. அதற்கு ஆங்கிலத்தில் சைனீஸ் ஹனிசக்கிள் என்றும் ஒரு பெயர் உண்டு, குழப்பம் அங்கேதான். குடும்பமே வேறு. தோட்டங்களில் அதிகம் வைக்கிற ஜப்பான் ஹனிசக்கிளின் பூ வெள்ளையில் தொடங்கி மஞ்சளில் முடியும், சிவக்காது. வருத்தப்படாதீர்கள், தாம்பரம் வெயிலுக்கு ரங்கூன் மல்லிதான் தோது.

மண்தான் தொட்டிக்கு ஆகாது. கரிசல் ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கித் தொட்டி ஓரத்தில் விரிசல் விடும், நீங்கள் ஊற்றுகிற தண்ணீர் அந்த இடுக்கு வழியே ஓடி வெளியே போய்விடும். நடுவில் இருக்கிற வேர் காய்ந்தபடியே இருக்கும். பச்சைச் சாணமாக இருந்தால் அதுவும் வேரைச் சுடும். செம்மண் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மேலே இரண்டு கை வேப்பம்புண்ணாக்கு. நார்க்கழிவை இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிந்துவிட்டுக் கலக்குங்கள், அதில் உப்பு இருக்கும். தொட்டி 18 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அடியில் ஜல்லி பரப்ப வேண்டாம். வடிகால் என்று நம்பி நானும் பல வருஷம் பரப்பியிருக்கிறேன். ஒருநாள் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் ஜல்லிக்கு மேல் இருந்த மண் சேறாக நாறியது. தண்ணீர் ஜல்லிக்குள் இறங்காமல் அதன் மேலேயே தங்கிவிடுகிறது. ஓட்டை மேல் ஓர் ஓட்டுச்சில்லு போதும்.

நுனி இலை மஞ்சள், நரம்பு பச்சை என்றால் பெரும்பாலும் இரும்புச்சத்து எட்டவில்லை. போர் தண்ணீர்தானே ஊற்றுகிறீர்கள்? சுண்ணாம்பு அதிகமுள்ள தண்ணீர் ஊற்ற ஊற்ற மண் காரமாகி, இருக்கிற இரும்பையும் வேருக்குக் கொடுக்காது. மழைநீரைப் பிடித்து ஊற்றிப் பாருங்கள். அடி இலை மஞ்சளானால் மட்டும் தழைச்சத்துக் குறைவு என்று சொல்வேன்.

கேள்வி: எங்கள் ஊர் மண் புளிப்பு மண். ஜப்பான் ஹனிசக்கிளுக்குச் சுண்ணாம்பு போட வேண்டுமா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பாருங்கள். கார அமில நிலை 5.5க்கு மேல் இருந்தால் ஒன்றும் போட வேண்டாம். கீழே இருந்தால் டோலமைட் என்கிற சுண்ணாம்புக்கல் பொடி கொஞ்சம். நீலகிரிச் சோலை ஓரங்களில் ஹனிசக்கிள் இனம் ஒன்று யாரும் உரம் போடாமலே வளர்கிறது. உங்கள் மண்ணைப் பற்றி எனக்குப் பயமே இல்லை, கொடியைப் பற்றித்தான். 1806இல் அமெரிக்காவுக்கு அழகுக்காகக் கொண்டுபோன ஜப்பான் ஹனிசக்கிள் அங்கே காடுகளுக்குள் புகுந்து இன்றுவரை தொல்லை கொடுக்கிறது. தரையைத் தொட்ட தண்டெல்லாம் வேர் விடும். அதனால் படருகிற தண்டுகளை அவ்வப்போது நறுக்கிவிடுங்கள், நறுக்கியதைச் சோலைப் பக்கம் வீசாமல் காயவைத்து எரித்துவிடுங்கள்.