சின்னப் பாய்மரப் படகில் சுக்கான் ஆடுகிறது, பிடிப்புகளைக் கழற்றி மாட்டுவது எப்படி?

போல்ட்டை இறுக்கினாலும் சில நாளில் மறுபடி தளர்ந்துவிடுகிறது, பின்பலகையின் (படகின் பின்பக்கச் சுவர்) உள்பக்கம் ஈரமும் தெரிகிறது, கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கழற்றத்தான் வேண்டும். இறுக்க இறுக்கத் தளர்கிறது என்றால் பெரும்பாலும் கோளாறு போல்ட்டில் இருக்காது, அது நிற்கும் பலகையில் இருக்கும்.

ஆனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன், ஆட்டம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சின்னப் படகில் சுக்கான் நிற்பது பழைய வீட்டுக் கதவு குடுமியில் நிற்பது மாதிரிதான். சுக்கானில் முளை, பின்பலகையில் வளையம், இவைதான் பிடிப்புகள். ஒருவரைச் சுக்கான் பிடியை லேசாக அசைக்கச் சொல்லிவிட்டு, உங்கள் விரலைப் பாதி வளையத்தின் அடித்தகட்டிலும் பாதி பலகையிலும் படும்படி வையுங்கள். தகடு பலகையைவிட்டு மயிரிழை நகர்ந்தாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். தகடு அசையவில்லை, முளைதான் வளையத்துக்குள் ஆடுகிறது என்றால் புஷ் (வளையத்துக்குள் இருக்கும் பிளாஸ்டிக் குழல்) மாற்றினால் போதும், வேலை அத்தோடு முடிந்தது. புஷ்ஷுக்கு நைலானைவிட அசிட்டால் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் நல்லது. நைலான் தண்ணீரை உறிஞ்சி ஊதும், அப்புறம் சுக்கான் இறுகிக்கொள்ளும்.

தகடுதான் அசைகிறது என்றால், இரண்டு வளையங்களையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். ஒன்று இருந்த இடத்தில் இருந்தால்தான் நேர்கோடு தப்பாது. தகட்டைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். வெளியே போல்ட் தலையை அசையாமல் பிடித்து, உள்ளே நட்டைத் திருப்புங்கள். ஸ்டெயின்லெஸ் நட் கனமாகத் திரும்ப ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்தி, கொஞ்சம் பின்னால் திருப்பி, எண்ணெய் விட்டு, மெதுவாகப் போங்கள். வேகமாகத் திருப்பினால் மரைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், அதற்குமேல் ரம்பம்தான். இந்த வேலைக்குப் பவர் டிரைவர் வேண்டவே வேண்டாம்.

நட் வந்த பிறகும் தகடு வராது, தண்ணீர் புகாமல் பூசிய பழைய சீலண்ட் பிடித்திருக்கும். ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பினால் ஜெல்கோட் (ஃபைபரின் பளபளப்பான மேல்பூச்சு) சில்லாகப் பெயர்ந்துவிடும். கெட்டியான தூண்டில் நரம்பைத் தகட்டுக்கும் பலகைக்கும் நடுவே விட்டு, ரம்பம் போல இழுத்து அறுங்கள். நேரம் எடுக்கும், ஆனால் சுத்தமாக வரும்.

இனிமேல்தான் முக்கியமான வேலை. ஓட்டைக்குள் நுனி வளைந்த கம்பியை விட்டுச் சுரண்டுங்கள். ஃபைபர் படகின் பின்பலகை பல நேரம் வெறும் ஃபைபர் இல்லை, நடுவில் பிளைவுட் இருக்கும். வெளிர் நிறத்தில் காய்ந்த தூள் வந்தால் நிம்மதி. கறுத்த ஈரத் தூள் வந்தால் மரம் உளுத்துவிட்டது என்று அர்த்தம். ஸ்குரூடிரைவர் பிடியால் சுற்றிலும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் ‘டக்’ என்று கேட்கும், உளுத்த இடத்தில் ‘தொப்’ என்று கேட்கும். உளுப்பு ஓட்டையைச் சுற்றி மட்டும் என்றால் கெட்ட மரத்தைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, மறுபக்கம் டேப் ஒட்டி, கெட்டியாக்கிய எபாக்ஸி பிசினால் அடைத்து, இறுகிய பிறகு அதன் நடுவில் புதிதாக ஓட்டை போடுங்கள். போல்ட் இனி மரத்தைத் தொடாது. ‘தொப்’ உள்ளங்கை அகலத்துக்குமேல் கேட்டால் பலகையையே திறக்க வேண்டும், அது வேறு வேலை.

பழைய போல்ட்டைத் தலையையும் மரையையும் மட்டும் பார்த்து எடைபோடாதீர்கள், நடுத்தண்டைப் பாருங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பது அதன் மேலிருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம். காற்றுப் போகாத ஈர ஓட்டைக்குள் அந்தப் படலம் நிலைக்காது. தலை பளபளவென்று இருக்கும், தண்டில் குழி விழுந்திருக்கும். என்னைக் கேட்டால் கழற்றிய போல்ட்டைத் திரும்பப் போடவே கூடாது. அதே தடிமனில் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் புதிதாகப் போடுங்கள். பித்தளை போல்ட் இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் துத்தநாகம் கரைந்துபோய்விட்டது, தூக்கிப் போடுங்கள்.

மாட்டும்போது ஓட்டையின் வாயைக் கொஞ்சம் சரிவாக அகலப்படுத்துங்கள். அந்தப் பள்ளத்தில் சீலண்ட் தங்கி, போல்ட் கழுத்தைச் சுற்றி வளையமாக நிற்கும். சிலிகான் வேண்டாம், அது பட்ட இடத்தில் பின்னால் பெயின்ட்டே ஒட்டாது. ‘நிரந்தரம்’ என்று போட்ட பாலியூரித்தேனும் வேண்டாம், அடுத்த முறை கழற்றுகிறவர் சாபம் விடுவார். பாலிசல்ஃபைடு வகை சீலண்ட் போதும். உள்பக்கம் வெறும் வாஷரை நம்பாமல் ஒரு தகடு வையுங்கள். முழுதாக இறுக்குவதற்கு முன் இரண்டு வளையங்களுக்குள்ளும் நேரான கம்பி ஒன்றைச் செருகிப் பாருங்கள். அது தானாக வழுக்கி இறங்க வேண்டும். முடுக்கும்போதும் நட்டைத்தான் திருப்ப வேண்டும், போல்ட் சுழன்றால் பூசிய சீலண்ட் வளையம் கிழிந்துவிடும்.

சீலண்ட் காயும்வரை படகைத் தண்ணீரில் விடாதீர்கள். பிறகு சுக்கானை மாட்டி, மேலே தூக்கிப் பாருங்கள். கழன்று வரக்கூடாது. வந்தால் சுக்கானைத் தடுக்கும் கிளிப் தேய்ந்திருக்கிறது, அதையும் மாற்றிவிடுங்கள். மரச் சுக்கான் மிதக்கும், படகு கவிழ்ந்தால் முளை வளையத்தைவிட்டு நழுவி அது தனியாகப் போய்விடும்.