பழைய ஜெய்ஸ் பைனாகுலர் வாங்கலாமா? – கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கமுங்க.

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து எழுதுகிறேன். லீவு நாளில் வெள்ளோடு, நஞ்சராயன் குளம் என்று பறவை பார்க்கப் போகிறவன். கோத்தகிரியில் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவைக் காலி செய்கிறார்கள். அங்கே இரண்டு பைனாகுலர் விலைக்கு வந்திருக்கின்றன. ஒன்று கார்ல் ஜெய்ஸ் டயலிட் 10×40 பி, வெஸ்ட் ஜெர்மனி. 40,000 ரூபாய் சொல்கிறார்கள். இன்னொன்று யேனாப்டெம் 8×30, டி.டி.ஆர் என்று போட்டிருக்கிறது, 9,000. இரண்டாவது டூப்ளிகேட் என்கிறார் நண்பர். நான் கண்ணாடி போடுகிறவன், சிலிண்டர் பவரும் (பார்வைச் சிதறலுக்கானது) உண்டு. எதை எடுக்கலாம், எதைப் பார்த்து எடுக்கணும்னு சொல்லுங்க.

ஒரு வாசகர், கோபி

அன்புள்ள நண்பருக்கு,

டி.டி.ஆர் என்றால் கிழக்கு ஜெர்மனி. போருக்குப் பிறகு நாடு இரண்டானபோது ஜெய்ஸும் இரண்டானது. மூலத் தொழிற்சாலை இருந்த யேனா கிழக்கில் போனது, மேற்கில் ஓபர்கோஹனில் புதிதாகத் தொடங்கினார்கள். இரண்டுமே அசல்தான். யேனா பெயரைப் பொறித்த போலிகளும் சந்தையில் உண்டு. முன் லென்ஸ் மாணிக்கச் சிவப்பாக மின்னினால் அது யேனாவில் செய்தது இல்லை. எழுத்துகள் கூர்மையாக வெட்டப்பட்டு, சீரியல் நம்பர் தெளிவாக இருக்க வேண்டும்.

உங்கள் விஷயத்தில் முடிவைச் சொல்வது அந்த சிலிண்டர் பவர்தான். வெறும் கிட்டப்பார்வை, தூரப்பார்வை என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸ் வீலிலும் டயாப்டரிலும் (ஒரு கண்ணுக்கு மட்டும் ஃபோகஸ் திருத்தும் வளையம்) சரிசெய்துகொள்ளலாம். சிலிண்டரை அப்படிச் சரிசெய்ய முடியாது, கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும். யேனாப்டெம் 8×30 அருமையான அகலப் பார்வை கொண்டது. 1000 மீட்டரில் 150 மீட்டர் தெரியும். ஆனால் கண்ணை ஐபீஸோடு (கண் வைக்கும் பக்க லென்ஸ்) ஒட்டி வைத்தால்தான் அந்த வட்டம் முழுதாகக் கிடைக்கும். கண்ணாடி போட்டவருக்கு நடுவில் உள்ள ஒரு பகுதிதான் தெரியும். டயலிட்டில் உள்ள 'பி' (B) என்ற எழுத்து கண்ணாடி அணிபவருக்கானது என்பதற்கான குறி. ரப்பர் ஐகப்பை மடக்கிவிட்டுப் பார்க்கலாம். அந்த ரப்பர் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள், மாற்று ரப்பர் கிடைப்பது சிரமம்.

அடுத்து, டயலிட் எந்தக் காலத்தது என்று பார்க்க வேண்டும். 40 என்ற எண்ணையும் அந்த 'பி'யையும் (B) அடுத்து 'டி*' (T*) இருந்தால் மல்டி கோட்டிங், அதாவது லென்ஸில் பல அடுக்குப் பூச்சு, உண்டு. 1970களின் கடைசியிலிருந்து வந்தது. அதற்கும் பின்னால் 'பி*' (P*) இருந்தால் ஃபேஸ் கோட்டிங். அது 1988இல் வந்தது. டயலிட்டில் உள்ளது ரூஃப் ப்ரிசம், கூரை போல முகடு கொண்ட கண்ணாடிப் பட்டகம். அந்தக் கூரை முகட்டில் ஒளி இரண்டு பாதியாகப் பிரிந்து வெவ்வேறு வழியில் போய்ச் சேருகிறது. சேரும்போது அலைகள் ஒத்துப்போகாததால் நுணுக்கமான விவரம் மங்குகிறது. அதைத் திருத்துவதுதான் ஃபேஸ் கோட்டிங். உள்ளான் பறவைகளின் இறகு விளிம்பைப் பிரித்துப் பார்க்கும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். யேனாப்டெம் போரோ என்ற இன்னொரு ப்ரிச வகை, அதில் கூரை முகடே இல்லாததால் இந்தப் பிரச்சினையும் இல்லை.

இனி கையில் எடுத்துப் பார்க்கும் வேலை. கோத்தகிரி பங்களா என்றதுமே எனக்குப் பயம் பூஞ்சைதான். அந்த ஈரத்தில் வருடக்கணக்காகத் தோல் உறைக்குள் கிடந்த கருவி தப்பியிருந்தால் அதிர்ஷ்டம். மொபைல் டார்ச்சை முன் லென்ஸுக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, ஐபீஸிலிருந்து ஒரு சாண் தள்ளி உள்ளே பாருங்கள். பிறகு திருப்பிப் பிடித்து அந்தப் பக்கமிருந்தும் பாருங்கள். நாலைந்து தூசு கிடந்தால் பரவாயில்லை. சிலந்தி நூல் போலக் கிளை பிரிந்து ஓடினால் பூஞ்சை. லென்ஸ் முழுக்கப் பால் பூசினது மாதிரி இருந்தால் கிரீஸ் ஆவியாகிப் படிந்த புகைப்படலம். பெரும்பாலும் துடைத்தால் போகும். ஓரத்தில் வானவில் நிற வளையம் தெரிந்தால் ஒட்டிய லென்ஸ்கள் விட்டுக்கொண்டிருக்கின்றன, அதை விட்டுவிடுங்கள். பூஞ்சை ரொம்ப நாள் இருந்தால் கோட்டிங்கையே அரித்துவிடும், சுத்தம் செய்த பிறகும் தடம் நிற்கும்.

அடுத்தது இரண்டு குழாயும் ஒரே திசையைப் பார்க்கிறதா என்பது. கீழே விழுந்த கருவியில் ப்ரிசம் மயிரிழை நகர்ந்திருக்கும். மூளை அதைச் சமாளித்து ஒரே படமாகக் காட்டிவிடும். அரை மணி நேரத்தில் தலைவலி வரும்போதுதான் தெரியும். மதில் மேல் துண்டை மடித்துப் போட்டு அதில் கருவியை அசையாமல் வையுங்கள். சில நூறு மீட்டருக்கு அப்பால் உள்ள கூரை விளிம்பையோ மின்கம்பியையோ பாருங்கள். இப்போது கண்ணை ஒரு சாண் பின்னுக்கு இழுங்கள். இரண்டு சின்ன வட்டம் தெரியும். இரண்டிலும் அந்தக் கோடு ஒரே உயரத்தில் ஓட வேண்டும். ஒன்றில் மேலே, ஒன்றில் கீழே என்றால் வாங்க வேண்டாம். பக்கவாட்டில் சிறிது உள்நோக்கிய பிசகைக் கண் தாங்கும், மேல்கீழ்ப் பிசகைத் தாங்காது. கீலை விரித்தும் குறுக்கியும் இதைத் திரும்பச் செய்யுங்கள். காலை ஒன்பதுக்குள் போய்விடுவது நல்லது. வெயில் ஏறினால் கானல் ஆடும், நல்ல கருவியும் மங்கலாகத் தெரியும்.

ஃபோகஸ் வீலை இரண்டு முனைவரைக்கும் சுற்றிப் பாருங்கள். இறுக்கம் என்றால் கிரீஸ் உறைந்திருக்கிறது, அது பெரிய குறை இல்லை. யேனாப்டெமில் ஒரு ஐபீஸை மட்டும் விரலால் அழுத்தும்போது அந்தப் பக்கப் படம் கலைந்தால் இரண்டு ஐபீஸையும் இணைக்கும் பாலம் தளர்ந்திருக்கிறது.

பழுது பார்ப்பதிலும் இரண்டும் ஒன்றல்ல. போரோவை அனுபவமுள்ள மெக்கானிக் திறந்து, ப்ரிசத்தைத் துடைத்து, முன் லென்ஸின் மையம் விலகிய வளையங்களைத் திருப்பி நேராக்கிவிடுவார், கொலிமேட்டர் (இரண்டு குழாயும் ஒரே திசையில் இருக்கிறதா என்று காட்டும் கருவி) இருந்தால். டயலிட்டை எல்லோரிடமும் கொடுத்துவிட முடியாது. கேமரா கடையில் திறக்கவே விடாதீர்கள்.

என் கருத்து இது. டயலிட்டில் 'டி*'யும் (T*) 'பி*'யும் (P*) இருந்து, உள்ளே சுத்தமாக, நேராக இருந்தால் 40,000 கொடுக்கலாம். ஃபேஸ் கோட்டிங் இல்லாத பழையது என்றால் நான் பாதி விலைக்கு மேல் போக மாட்டேன். 40,000க்குப் புதிதாகவே ஃபேஸ் கோட்டிங், நைட்ரஜன் நிரப்பிய வாட்டர்ப்ரூஃப் 8×42 வாரன்டியோடு கிடைக்கிறது. டயலிட்டுக்கு மழை ஆகாது. 10× கையில் ஆடும் என்றாலும், வெள்ளோட்டில் கரையிலிருந்து தண்ணீருக்கு அப்பால் பார்ப்பவருக்கு அந்த உருப்பெருக்கம் வேண்டியதுதான். சத்தியமங்கலம் காட்டு விடியலுக்கு அது போதாது, வெளிச்சம் குறைவு. வீட்டில் கண்ணாடி போடாதவர் இருந்தால் யேனாப்டெமையும் பேரம் பேசி எடுத்துவிடுங்கள்.

வாங்கினால் அந்தத் தோல் உறையில் மட்டும் திரும்ப வைக்காதீர்கள், ஈரத்தையும் பூஞ்சையையும் அதுதான் வைத்திருக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள், நிறம் மாறினால் வறுத்துக் காயவைத்துப் போடுங்கள். மலையிலிருந்து இறங்கி வந்ததும் உடனே வெளியே எடுக்க வேண்டாம். ஜிப் பையில் மூடியபடியே ஒரு மணி நேரம் விட்டால் லென்ஸில் தண்ணீர் கட்டாது. பழைய தோல் வாரையும் மாற்றிவிடுங்கள், தையல் விட்டுப்போனால் கருவி தரையில்தான்.