ஃபைபர் வராத வீட்டுக்கு எந்த வயர்லெஸ் இன்டர்நெட்?

"எங்கள் தெருவுக்கு ஃபைபர் வராதாம். 4ஜி ரவுட்டர், 5ஜி ஏர்ஃபைபர், சாட்டிலைட், இதில் எதை வாங்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் அதே கேஸ்தான். தூத்துக்குடிக்கு வெளியே வீடு. முதலில் ஜன்னலோரம் 4ஜி ரவுட்டர் வைத்திருந்தேன். பகலில் வேகம் 20 எம்பிபிஎஸ் வரும், ராத்திரி 9 மணிக்கு 2. ஏரியாவே ஒரு டவரைப் பங்கு போட்டால் அப்படித்தான்.

அப்புறம் 5ஜி ஏர்ஃபைபர், அதாவது டவரின் 5ஜி சிக்னலை ஒரு பெட்டியில் வாங்கி வீட்டுக்கு வைஃபை தரும் இணைப்பு. இங்கே 5ஜி பெரும்பாலும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பக்கம் ஓடுகிறது. சுவரும் மர இலையும் அதை நன்றாகவே தின்றுவிடும். அதனால்தான் மொட்டைமாடியில் ஒரு பெட்டி மாட்டுகிறார்கள். மாட்ட வந்த தம்பி ஒயர் இழுக்க வசதி என்று தண்ணீர் தொட்டிக்குப் பின்னால் மாட்டிவிட்டுப் போய்விட்டார். எதிரே பக்கத்து வீட்டு வேப்பமரம் வேறு. சிக்னல் மைனஸ் 108. (பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது, மைனஸ் 80 அருமை, 110 என்றால் திண்டாட்டம்.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியைக் கழற்றி, கையில் பிடித்துக்கொண்டு மாடியைச் சுற்றி வந்தேன். மகன் போனைப் பார்த்து, "101... 95... அப்பா, அசையாதீங்க, 89!" என்று கத்தினான். இலங்கை டிவி ரூபவாஹினி தெரிய ஆன்டெனாவைத் திருப்பிய காலம் ஞாபகம் வந்துவிட்டது. கிழக்குக் கைப்பிடிச் சுவரில் பைப் நட்டு மாட்டியதும் 12 எம்பிபிஎஸ் 140 ஆனது. பிளான் அதே பிளான்தான்.

ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள். ஏர்ஃபைபர் என்ற பெயரிலேயே சில இடங்களில் 5ஜிக்குப் பதில், லைசென்ஸ் தேவைப்படாத 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவை மாட்டுகிறார்கள். அதற்கு உங்கள் மாடியிலிருந்து டவர் நேராகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் நன்றாகவே ஓடும், நடுவில் மரம் வளர்ந்தால் போச்சு. அப்புறம் டேட்டா அளவு. பல பிளான்களில் மாதம் 1000 ஜிபிதான், அதற்கு மேல் வேகம் படுத்துவிடும். இரண்டு டிவி ஓடும் வீடென்றால் கணக்குப் பாருங்கள்.

சாட்டிலைட்டில் பழைய வகை சுமார் 36,000 கிமீ உயரத்தில் நிற்கிறது. போய்வரவே அரை நொடி ஆகும். வீடியோ காலில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்துவோம். ஸ்டார்லிங்க் வகை சுமார் 500 கிமீயில் சுற்றுவதால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் செலவு அதிகம், வானம் மறைவில்லாமல் திறந்திருக்க வேண்டும். டவரே எட்டாத மலைக் கிராமம், எஸ்டேட் என்றால் யோசிக்கலாம். ஊருக்குள் இருப்பவருக்கு என் ஓட்டு 5ஜிக்குத்தான்.

பணம் கட்டுவதற்கு முன் தெருவில் யார் வீட்டிலாவது அந்தப் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ராத்திரி 9 மணிக்குப் போய் ஸ்பீட் டெஸ்ட் போட்டுப் பார்க்கலாம். வாங்கிய கையோடு ஒரு சின்ன யுபிஎஸ்ஸும் வாங்கிவிடுங்கள். கரண்ட் போனால் மாடிப் பெட்டியும் சேர்ந்தே அணைந்துவிடும்.