ஆறு வருட அனுபவம் இருக்கிறது. அடுத்து என்ன படிப்பது?

கேள்வி: சமூக சுகாதாரப் பணியாளராக ஆறு வருடமாக வேலை செய்கிறேன். சேர்ந்தபோது சில வாரம் பயிற்சி கொடுத்தார்கள். அதற்குப் பிறகு எப்போதாவது ஒரு நாள் வகுப்பு நடக்கும். போய் உட்கார்ந்து ஸ்லைடு பார்த்துவிட்டு வருகிறேன். அடுத்த வாரம் எதுவும் ஞாபகம் இருப்பதில்லை. இணையத்தில் இலவசப் படிப்புகள் கொட்டிக் கிடக்கின்றன. பணம் கட்டினால் ஆறு மாதத்தில் டிப்ளமோ தருவதாக ஒரு நிறுவனமும் கூப்பிடுகிறது. என்னிடம் இருப்பது ஒரு மொபைல், ராத்திரியில் ஒரு மணி நேரம், சுமாரான ஆங்கிலம். எதில் சேரலாம்?

பதில்: இந்த மாதம் எதிலும் சேர வேண்டாம். முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்.

இரண்டு வாரம், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வெளியே வந்ததும், எந்த இடத்தில் தடுமாறினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். "சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டார். டாக்டரைக் கேளுங்கள் என்று சொல்லி நழுவிவிட்டேன்." "குழந்தைக்கு மூச்சு வேகமா இல்லையா, தெரியவில்லை." "தடுப்பூசி வேண்டாம் என்றார் தகப்பனார். வாதம் செய்தேன். கதவைச் சாத்திவிட்டார்." பெயரோ முகவரியோ வேண்டாம், தடுமாற்றம் மட்டும் போதும்.

இரண்டு வாரம் கழித்துப் படித்துப் பார்த்தால் அந்த வரிகள் தாமாகவே பிரிந்து நிற்கும். சிலவற்றில் உங்களுக்கு விஷயம் தெரியவில்லை. சிலவற்றில் விஷயம் தெரியும், ஆனால் கைக்கு வரவில்லை. சிலவற்றில் பேச்சு எடுபடவில்லை. இவை ஒரே இடத்தில் கற்கக் கூடியவை அல்ல. ஒரு நாள் வகுப்புகள் மறந்துபோவதற்கு முக்கியக் காரணமே, கைக்கு வர வேண்டியதையும் வாய்க்கு வர வேண்டியதையும் ஸ்லைடில் காட்டி அனுப்பிவிடுவதுதான். நானும் பயிற்சி கொடுக்கத் தொடங்கிய காலத்தில் நிறைய ஸ்லைடு காட்டியவன், அதனால் கொஞ்சம் குற்ற உணர்ச்சியோடுதான் இதைச் சொல்கிறேன்.

விஷயம் தெரியாத பகுதிக்கு இணையம் நல்ல இடம். உலக சுகாதார நிறுவனம் 2017-ல் ஓபன் டபிள்யூஹெச்ஓ என்ற இலவசப் படிப்புத் தளத்தைத் தொடங்கியது. தொற்றுநோய்ப் பரவலைச் சமாளிப்பதற்கான படிப்புகள்தான் அதன் பலம். கொரோனா காலத்தில் உலகம் முழுக்கப் பல மொழிகளில் பயன்பட்டது. அதே நிறுவனத்தின் டபிள்யூஹெச்ஓ அகாடமியும் இப்போது படிப்புகள் வழங்குகிறது. யுனிசெஃபின் அகோரா தளத்தில் குழந்தை நலம் சார்ந்த பாடங்கள் கிடைக்கும். கோர்செரா போன்ற தளங்களில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் உள்ளிட்ட பல்கலைக்கழகங்களின் பொது சுகாதாரப் படிப்புகள் இருக்கின்றன. அங்கே சேரும் முன் எது இலவசம், எதற்குக் கட்டணம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாடம் பார்ப்பது ஒன்று, சான்றிதழ் வாங்குவது வேறொன்று. சான்றிதழிலும் இரண்டு வகை உண்டு. பாடத்தைப் பார்த்து முடித்தார் என்பது ஒன்று, தேர்வில் தேறினார் என்பது மற்றொன்று. முதல் வகையை வேலைக்கான விண்ணப்பத்தில் வைத்தால் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ள மாட்டார்கள்.

உங்கள் ஒரு மணி நேரத்தை முழுக்க வீடியோவுக்குக் கொடுக்காதீர்கள். 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியை மறுபடி மறுபடி படித்த மாணவர்கள் ஒரு பக்கம். படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் இன்னொரு பக்கம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்களே நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழாகிவிட்டது. அதனால் இருபது நிமிடம் பாடம் பாருங்கள், மொபைலைக் கவிழ்த்து வையுங்கள், ஞாபகம் இருப்பதை உங்கள் மொழியில் எழுதுங்கள். பிறகு திறந்து விட்டுப்போனதைச் சேருங்கள். மூன்று நாள் கழித்து ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை இதையே செய்யுங்கள். ஆங்கிலம் சுமார் என்பது இங்கே ஒரு விதத்தில் நல்லதுதான். வசன வரிகளை நிறுத்தி நிறுத்திப் படித்து, சொந்த மொழியில் எழுதும்போதே பாதி படிப்பு முடிந்துவிடுகிறது.

இனி கைக்கு வர வேண்டியவை. இதில்தான் இணையம் கை கொடுக்காது. நீங்கள் எழுதாவிட்டாலும் பெரும்பாலானோர் நோட்டில் வரும் ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன்: குழந்தையின் மூச்சை எண்ணுவது.

இருமலோ மூச்சுத் திணறலோ உள்ள குழந்தைக்கு 2 மாதம் முதல் 11 மாதம் வரை நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் இருந்தால் வேகமான மூச்சு. ஒரு வயது முதல் ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல். இந்த எண்களை யாரும் ஐந்து நிமிடத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். எண்ணுவதுதான் கஷ்டம். குழந்தை அமைதியாக இருக்க வேண்டும். அழுகிற குழந்தைக்கும் பால் குடிக்கிற குழந்தைக்கும் எண்ணினால் அந்த எண்ணிக்கைக்கு அர்த்தமில்லை. அம்மா மடியில் இருக்கட்டும், நீங்கள் தூக்க வேண்டாம். சட்டையை மெதுவாக உயர்த்தச் சொல்லி, மார்பும் வயிறும் வெளிச்சத்தில் தெரிகிற மாதிரி உட்காருங்கள். முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குகிற பழக்கம் களத்தில் நிறைய. சின்னக் குழந்தைகள் சில நொடி வேகமாக, சில நொடி மெதுவாக மூச்சு விடும், பெருக்கினால் பிழையும் இரண்டு மடங்காகும். கடிகாரத்தையும் மார்பையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது என்பது எண்ண உட்காரும்போதுதான் புரியும். மொபைலில் ஒரு நிமிடத்துக்கு மணி வைத்துக்கொண்டு கண்ணை மார்பிலேயே வையுங்கள்.

இதைப் பழகும் வழி எளிது. அனுபவமுள்ள செவிலியரோ மேற்பார்வையாளரோ பக்கத்தில் இருக்க, இருவரும் ஒரே குழந்தைக்கு ஒரே நிமிடம் எண்ணுங்கள். வாய்விட்டுச் சொல்லாமல் தனித்தனித் தாளில் எழுதிப் பிறகு ஒப்பிடுங்கள். ஒன்றிரண்டு வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை. பத்து வித்தியாசம் வந்தால் ஏன் என்று அங்கேயே தெரிந்துவிடும்: மூச்சை உள்ளே இழுப்பதை ஒன்று, வெளியே விடுவதை ஒன்று என்று எண்ணியிருப்பீர்கள், அல்லது குழந்தை அசைந்ததையும் சேர்த்திருப்பீர்கள். இப்படிச் சில குழந்தைகளைப் பார்த்தால், ஒரு நாள் வகுப்பில் கிடைக்காதது கைக்கு வந்துவிடும். மேல்கைச் சுற்றளவு நாடாவும் அப்படித்தான். 6 மாதம் முதல் ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைக்கு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் நாடாவை இறுக்கிப் பிடித்தாலோ தளர்த்தினாலோ சில மில்லிமீட்டர் மாறும், அந்த மில்லிமீட்டரில் ஒரு குழந்தை சிகிச்சைக்குப் போகலாம், போகாமலும் விடலாம்.

2018-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில், குறைந்த, நடுத்தர வருமான நாடுகளின் சுகாதாரப் பணியாளர்களைப் பற்றி ஒரு பெரிய தொகுப்பாய்வு, அதாவது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு, வந்தது. அச்சடித்த குறிப்புகளை மட்டும் கையில் கொடுத்தால் வேலையின் தரத்தில் ஏறக்குறைய மாற்றமே இல்லை என்றும், பயிற்சியோடு மேற்பார்வையும் சேரும்போது பலன் கூடுகிறது என்றும் அது சொன்னது. உங்கள் ஒரு நாள் வகுப்பு ஏன் நிற்கவில்லை என்பதற்கு இதுவே பதில். வகுப்புக்குப் பிறகு யாராவது உங்களோடு களத்துக்கு வந்தார்களா? வந்திருக்க மாட்டார்கள்.

பேச்சு எடுபடாத வரிகளுக்குச் சக பணியாளர்கள்தான் பள்ளிக்கூடம். நான்கைந்து பேர் மாதம் ஒரு முறை கூடுங்கள். ஒருவர் தடுப்பூசி வேண்டாம் என்கிற தகப்பனாராக நடிக்கட்டும், இன்னொருவர் பேசட்டும், மற்றவர்கள் கவனிக்கட்டும். முதல் தடவை எல்லோருக்கும் சிரிப்பு வரும். மூன்றாவது தடவை, நீங்கள் அவரைப் பேசவிடாமல் எத்தனை முறை குறுக்கிட்டீர்கள் என்று ஒருவர் எண்ணிச் சொல்லும்போது சிரிப்பு நின்றுவிடும். இன்னொரு பழக்கமும் உண்டு. ஓஆர்எஸ் கரைசலைப் பற்றிச் சொல்லி முடித்ததும் "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், புரிந்தது என்றுதான் பதில் வரும். "நான் தெளிவாகச் சொன்னேனா என்று பார்க்கணும். ராத்திரி மறுபடி வயிற்றோட்டம் போனால் என்ன செய்வீங்க, செய்து காட்டுங்களேன்" என்று கேளுங்கள். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டில் பாதியை ஒரு டம்ளரில் கொட்டப் போனால், நீங்கள் சொன்னதில் எது சேரவில்லை என்று தெரிந்துவிடும். அவரைத் திருத்துவதோடு நீங்களும் திருந்துகிறீர்கள்.

அந்தக் குழுவிலேயே சிக்கலான ஒரு நோயாளியின் நிலையை எடுத்து விவாதிக்கலாம். 2003-ல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் சஞ்சீவ் அரோரா தொடங்கிய புராஜெக்ட் எக்கோ இந்த முறையில்தான் வளர்ந்தது. ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் தொற்று உள்ள நோயாளிகளைத் தொலைவிலுள்ள மருத்துவர்களே பார்த்துக்கொள்ளும்படி, நிபுணர்களும் அவர்களும் வீடியோவில் கூடி உண்மையான நோயாளிகளைப் பற்றிப் பேசினார்கள். இன்று பல நாடுகளில் களப்பணியாளர்களுக்கும் எக்கோ அமர்வுகள் நடக்கின்றன. உங்கள் சுகாதாரத் துறை எதிலாவது சேர்ந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். நீங்களே கூடினாலும் சரி, ஒரு விதி கட்டாயம்: நோயாளியின் பெயரும் படமும் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகக் கூடாது. "அவங்களுக்குத் தெரியாதே" என்பது சாக்கு ஆகாது.

பதிவேட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகவே சொல்கிறேன். ஆறு வருடம் எழுதியிருக்கிறீர்கள். ஒரு தடவையாவது கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? உதாரணத்துக்கு, உங்கள் பகுதியில் ஒரு வயதை எட்டிய 120 குழந்தைகளில் 84 பேருக்கு எல்லாத் தடுப்பூசியும் முடிந்திருந்தால் 70 சதவீதம். மேலே அனுப்பும் அறிக்கைக்கு அது போதும். விடுபட்ட 36 பேரைத் தெரு வாரியாகப் பிரித்துப் பாருங்கள். 25 பேர் ஒரே தெருவில் இருந்தால் அடுத்த மாதம் எங்கே போக வேண்டும் என்று தெரிந்துவிட்டது. இதில் ருசி வந்தவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. நோய் எங்கே, யாரிடம், ஏன் பரவுகிறது என்று களத்திலேயே கண்டறியக் கற்றுத்தரும் கள நோய்ப்பரவலியல் பயிற்சித் திட்டம் பல நாடுகளில் அரசின் வழியாக நடக்கிறது. அதன் முன்னணிப் பணியாளர் நிலை சுமார் மூன்று மாதம். வேலையை விட வேண்டியதில்லை. இடையிடையே சில நாள் வகுப்பு, மீதி உங்கள் சொந்தப் பதிவேட்டை வைத்தே செய்முறை. பெரும்பாலும் துறை மூலமாகத்தான் ஆள் எடுப்பார்கள், அதனால் மேலதிகாரியிடம் கேட்டு வைப்பது நல்லது.

சரி, அந்த டிப்ளமோ. எந்த நிறுவனம் என்று தெரியாததால் நல்லது கெட்டது சொல்ல மாட்டேன். பணம் கட்டும் முன் அவர்களிடமும் உங்கள் துறையிடமும் கேளுங்கள். அடுத்து நீங்கள் போக விரும்பும் பதவிக்கு இந்தச் சான்றிதழை ஏற்பார்களா? எழுத்தில் காட்டச் சொல்லுங்கள், "எல்லா இடத்திலும் செல்லும்" என்ற வாய்ப்பேச்சு வேண்டாம். களப்பயிற்சி எத்தனை மணி நேரம், பக்கத்தில் நின்று பார்த்துத் திருத்துபவர் யார்? முடித்தவர் இரண்டு பேரிடம் பேச வைக்க முடியுமா? இவற்றில் ஒன்றுக்குக்கூட நேரான பதில் வராவிட்டால் பணத்தைக் கட்டாதீர்கள். பதவிக்கு நிஜமாகவே தேவையான படிப்பு என்றால் பகுதிநேரமாகப் படிப்பதில் தப்பில்லை. ஆனால் அதற்கான நேரமும் செலவும் உங்கள் தலையில் மட்டும் விழ வேண்டியதில்லை. சமூக சுகாதாரப் பணியாளர்கள் குறித்து உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டி, பயிற்சி முடித்தவர்களுக்குத் திறன் அடிப்படையிலான சான்று, வேலைக்கும் பயிற்சிக்கும் ஏற்ற ஊதியம், ஆதரவான மேற்பார்வை, பதவி உயர்வுக்கான படிநிலை இவற்றையெல்லாம் பரிந்துரைக்கிறது. துறையிடம் பேசும்போது அதைச் சொல்லத் தயங்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. புதிதாகக் கற்ற எல்லாவற்றையும் உடனே செய்ய உங்களுக்கு அனுமதி கிடைத்துவிடாது. சர்க்கரை நோயைப் பற்றிப் படித்துவிட்டு மாத்திரை அளவை மாற்றச் சொன்னால் அது ஆபத்து, உங்கள் வேலைக்கும் ஆபத்து. ஆனால் அந்தப் படிப்பு இருந்தால், நோட்டில் எழுதிய முதல் வரிக்கு நழுவாமல் பதில் சொல்லலாம்: "நீங்களாக நிறுத்தாதீங்க. மாத்திரை போட்டதும் வியர்க்குதா, தலை சுற்றுதா? அதை எழுதி வைத்து டாக்டரிடம் காட்டுங்க, நானும் கூட வருகிறேன்."

அப்புறம், மேற்பார்வையாளரிடம் எப்படிக் கேட்பது என்று தயக்கம் இருக்கும். பயிற்சி வேண்டும் என்று பொதுவாகக் கேட்டால் அடுத்த ஒரு நாள் வகுப்புக்குப் பெயர் சேர்ப்பார்கள். இப்படி ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள்: "வணக்கம் மேடம். குழந்தைகளுக்கு மூச்சு எண்ணுவதில் எனக்குச் சந்தேகம் வருகிறது. அடுத்த வாரம் ஒரு நாள் காலை இரண்டு மணி நேரம் என்னோடு வீடுகளுக்கு வர முடியுமா? நான் எண்ணும்போது நீங்களும் எண்ண வேண்டும். எந்த நாள் வசதி என்று சொன்னால் இருமல் உள்ள குழந்தைகளின் வீடுகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்."