தண்டர்பேர்டில் ஜிமெயில் கடவுச்சொல் தவறு என்று வருவது ஏன்?

மன்னார்குடி அரிசி மண்டிக் கணினியை ஃபார்மேட் செய்தபின் தண்டர்பேர்ட் என்ற அஞ்சல் மென்பொருள் ஜிமெயிலுக்குள் நுழைய மறுக்கிறது, அதே கடவுச்சொல் போனில் சரியாகப் போகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் கடவுச்சொல்லை மாற்றாதீர்கள், போனிலும் மறுபடி நுழைய வேண்டிவரும். அதுதான் மிச்சம்.

வெறும் கடவுச்சொல்லோடு வெளி மென்பொருள்கள் நுழைவதைத் தனிநபர் கணக்குகளில் 2022 மே 30 முதல் கூகுள் ஆதரிப்பதில்லை. தண்டர்பேர்டின் கணக்கு அமைப்பில் அங்கீகார முறையை ‘ஓஆத்2’ (OAuth2, கடவுச்சொல்லை மென்பொருளிடம் தராமல் கூகுளின் பக்கத்திலேயே நுழையும் முறை) என்று மாற்றுங்கள்; அஞ்சலைப் பெறும் ஐமேப் (IMAP) சர்வருக்குப் போர்ட் 993, பாதுகாப்பு எஸ்எஸ்எல் (SSL). அஞ்சல் அனுப்பும் சர்வருக்குத் தனி அமைப்பு உண்டு, பலரும் அதை விட்டுவிடுவார்கள். அங்கேயும் ஓஆத்2 தான். சேமித்த பழைய கடவுச்சொல்லை அழித்துவிட்டுத் திறந்தால் கூகுளின் சொந்த ஜன்னல் வரும், அதில் நுழையுங்கள். ஜன்னல் சுற்றிச்சுற்றி வந்தால் தண்டர்பேர்டில் குக்கீகளை அனுமதிக்க வேண்டும்.

பழைய பதிப்பில் ஓஆத்2 இல்லையா? புதுப்பிப்பதே நல்லது. முடியாவிட்டால் கூகுள் கணக்கில் இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்துச் செயலிக் கடவுச்சொல் (app password) வாங்கிப் போடலாம்.

அப்புறம், கணினியின் தேதியைப் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருந்தால், ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் அது பழைய ஆண்டுக்குப் போய்விடும். பாதுகாப்புச் சான்றிதழ் பிழை வந்து இணைப்பே கிடைக்காது.