மெஷின் இருக்கிறதே, உனக்கு என்ன வேலை?

வணக்கம். சமையலறைக் கருவிகளின் வரலாறு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்கள் வீட்டில் மிக்ஸி, பிரிட்ஜ், மைக்ரோவேவ், பாத்திரம் கழுவும் இயந்திரம் எல்லாம் உண்டு. “எல்லாம் மெஷினே செய்கிறதே, உனக்கு என்ன வேலை?” என்கிறார் கணவர். நான் சமையலறையை விட்டு வெளியே வந்தபாடில்லை. உண்மையில் இவை வேலையைக் குறைத்தனவா?
– ம.

அன்புள்ள ம.,

உங்கள் கணவரின் கேள்விக்கு 1974லேயே பதில் வந்துவிட்டது. ஜோஆன் வானெக் என்ற ஆய்வாளர் அமெரிக்க இல்லத்தரசிகளின் நேரக் கணக்குகளை அலசினார். வெளிவேலைக்குப் போகாத பெண்கள் 1920களில் வாரத்துக்குச் சுமார் 52 மணி நேரம் வீட்டுவேலை செய்திருக்கிறார்கள். 1960களில் அது 55. அதற்குள் பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் வீடுகளுக்குள் வந்துவிட்டிருந்தன!

இதற்கு ரூத் ஸ்வார்ட்ஸ் கோவன் என்ற வரலாற்றாசிரியர் சொல்லும் காரணம்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. விறகு அடுப்புக் காலத்தில் சமையலில் வீட்டிலுள்ள எல்லோருக்கும் பங்கு இருந்தது. விறகு பிளப்பது ஆண்கள் பாடு, தண்ணீர் சுமக்கப் பிள்ளைகளும் கைகொடுப்பார்கள். ஆலை மாவும் குழாய்த் தண்ணீரும் காஸும் வந்தபோது முதலில் தப்பித்தது அவர்கள்தான். அடுப்பின் முன்னால் நின்றவள் அங்கேயே நின்றாள். ஒரே பானையில் ஒரு பதார்த்தம் என்றிருந்த சாப்பாடும், அடுப்பில் இடம் கூடக் கூட மூன்று நான்காகப் பெருகியது.

அதற்காக எல்லாக் கருவிகளையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். கைவலியைக் குறைப்பது ஒன்று, பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளும் காவலைக் குறைப்பது இன்னொன்று. இரண்டாவதுதான் அரிது. 1955ல் டோஷிபா விற்பனைக்குக் கொண்டுவந்த மின்சார ரைஸ் குக்கர் அந்த வகை. மினாமி என்பவர் வடிவமைக்க, பரிசோதனைக்காகச் சோறு வடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தவர் அவர் மனைவி ஃபுமிகோ. பாத்திரத்துக்குள் பாத்திரம். வெளிப்பாத்திரத்தில் ஒரு கப் தண்ணீர். சுமார் 20 நிமிடத்தில் அது வற்றியதும் சூடு 100 டிகிரியைத் தாண்டும், உள்ளே இருக்கும் ஈருலோகத் தகடு வளைந்து சுவிட்சை அணைத்துவிடும். அவ்வளவுதான். ஆனால் தீயைக் கூட்டிக் குறைத்தபடி அடுப்பருகே நிற்க வேண்டியவள் அந்த நேரத்தில் தூங்கலாம்.

பிரிட்ஜ் இதற்கு நேர் எதிர். தினமும் கடைக்கு ஓடும் அலைச்சலை மிச்சப்படுத்தியது, சரி. அப்புறம் எது தீர்ந்தது, எது கெடப்போகிறது, எதை முதலில் எடுக்க வேண்டும் என்ற நிரந்தரக் கணக்கை ஒருவர் தலையில் ஏற்றிவிட்டது. பெரும்பாலும் ஒரே ஒருவர் தலையில். இந்த வேலை கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் “உனக்கு என்ன வேலை?” என்று கேட்க முடிகிறது.

பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு ஜோசபின் காக்ரேன் காப்புரிமை பெற்றது 1886ல். முதலில் வாங்கியவை ஹோட்டல்கள். வீடுகளுக்குள் அது பரவலாக நுழைய 1950கள் ஆகிவிட்டன. கூலி கொடுத்துக் கழுவிய இடத்தில் லாபக் கணக்கு உடனே புரிந்திருக்கிறது, சம்பளமில்லாமல் கழுவிய இடத்தில் அவசரம் எதுவும் இல்லை என்றுதான் நான் இதை வாசிக்கிறேன்.

கணவர் மறுபடி கேட்டால் வாக்குவாதம் வேண்டாம். ஒரு வாரத்துக்கு பிரிட்ஜ் கணக்கை மட்டும் அவரிடம் விட்டுவிடுங்கள். ஞாபகப்படுத்தவும் கூடாது. என்ன ஆனது என்று எழுதுங்கள்.